செவ்வாய், வெள்ளி, பேன் சீப்பு

பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் ஆனால் போதும், இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி தலையைப் பற்றியதாகிவிடும். காய்ச்சல், சளி என்றால் பெயர், ஊர், வயது எல்லாம் எழுதுகிறவர்கள் பேன் என்றதும் ‘பெயர் வெளியிட வேண்டாம்’ என்று இரண்டு கோடு போட்டு எழுதுகிறார்கள். சரி, யார் பெயரும் வேண்டாம், ஊர் மட்டும் போதும்.

என் மகளுக்கு ஒன்பது வயது, இடுப்பு வரைக்கும் முடி. பேன் ஷாம்பூ மூன்று முறை போட்டுவிட்டேன் டாக்டர். போட்ட அன்று செத்துச் செத்து விழுகிறது, அப்பாடா என்று இருந்தால் பத்து நாளில் பழையபடி சொறிய ஆரம்பித்துவிடுகிறாள். ஷாம்பூ போலியா, இல்லை பள்ளியிலிருந்து திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டு வருகிறாளா?
– வாசகி, விருதுநகர்

பத்து நாள் என்று எழுதியிருக்கிறீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது.

ஒரு பெண் பேன் நாளைக்கு ஆறேழு ஈர் வைக்கும். தலைத்தோலை ஒட்டி, முடியின் அடியில், பசை போட்டு ஒட்டினாற்போல் வைக்கும். அது பொரிக்க ஏழிலிருந்து பத்து நாள். பொரித்த குஞ்சு வளர்ந்து, அது ஈர் வைக்கத் தொடங்க இன்னும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு நாள். இப்போது உங்கள் ஷாம்பூவுக்கு வாருங்கள். பெரும்பாலான பேன் மருந்துகள் பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்பவை. வைத்துச் சில நாளே ஆன ஈருக்குள் நரம்பே இன்னும் உருவாகியிருக்காது, அப்புறம் மருந்து எதைத் தாக்கும்? அன்றைக்கு நடமாடிக்கொண்டிருந்த பேன்கள் செத்தன, நீங்களும் கண்ணால் பார்த்தீர்கள், ஈர்கள் அப்படியே முடியில் உட்கார்ந்திருந்தன, பத்தாம் நாள் குஞ்சுகள் வெளியே வந்தன. ஷாம்பூ போலி என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டாம் தவணையை நீங்கள் சரியான நாளில் போடவில்லை, நடுவில் சீப்பும் போடவில்லை, அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

முதலில் மருந்து. டப்பாவில் என்ன மருந்து என்று படியுங்கள். பெர்மெத்ரின் என்றால் அது 1 சதவீதமாக இருக்க வேண்டும். 5 சதவீதம் என்று ஒரு கிரீம் உண்டு, அது சொறி சிரங்குக்கு உடம்பில் தடவுவது, மருந்துக்கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். எண்ணெய்த் தலையில் தடவாதீர்கள். சாதாரண ஷாம்பூ போட்டு அலசி, கண்டிஷனர் போடாமல், துண்டால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நன்றாகப் படும்படி தடவி, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். குளிக்கும்போது நுரை வர வைத்து உடனே கழுவிவிட்டால் அது மருந்தில்லை, வெறும் குளியல். அதன் பிறகு இரண்டு நாளைக்குத் தலைக்கு எதுவும் போட வேண்டாம். செவ்வாய்க்கிழமை போட்டீர்கள் என்றால் அடுத்த தவணை அடுத்த வார வியாழக்கிழமை, அதாவது ஒன்பது நாள் கழித்து. அதற்குள் பொரிக்கிற ஈர் ஏறக்குறைய எல்லாம் பொரித்திருக்கும், பொரித்த குஞ்சு எதுவும் ஈர் வைக்கிற வயதுக்கு வந்திருக்காது. அந்த இடைவெளியில் அடித்தால்தான் வம்சம் அறும். தினசரி காலண்டரில் அந்தத் தாளில் இப்போதே பேனாவால் ஒரு வட்டம் போட்டு வைத்துவிடுங்கள், இல்லையென்றால் மறந்துவிடும்.

அடுத்தது சீப்பு. மருந்தைவிட நான் அதிகம் நம்புவது இதைத்தான்.

நம் பாட்டிகள் காலத்தில் பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் தலைமுழுக்கு. எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, முடி ஈரமாக இருக்கும்போதே திண்ணைப் படியில் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக ரயில் பெட்டி மாதிரி உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள். கடைசியில் இருப்பவளுக்கு மட்டும் யாரும் பார்க்க மாட்டார்கள், அவள் அடுத்த முறை முன்னால் வந்துவிடுவாள். கட்டைவிரல் நகம் இரண்டுக்கும் நடுவில் வைத்து ‘டிக்’ என்று நசுக்குகிற சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் இடையில் மூன்று நாள், வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் இடையில் நான்கு நாள். ஈரத் தலையைச் சீவிப் பேனை ஒழிக்க இன்றைக்கு மருத்துவர்கள் சொல்கிற இடைவெளியும் மூன்று நான்கு நாள்தான்! புதிதாகப் பொரித்த எந்தக் குஞ்சும் பெரிதாகி ஈர் வைப்பதற்குள் ஒருமுறையாவது சீப்பில் சிக்கிவிடும். பாட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரிந்திருந்ததா என்றால், அவள் மங்களம் என்றுதான் சொல்லியிருப்பாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலைக்குக் குளிக்கிற வீடுகளில் ஏழு நாள் இடைவெளி விழுகிறது, பேனுக்கு அது தாராளமான அவகாசம்.

செய்முறை இதுதான். முடியை நனைத்துக் கண்டிஷனரை அள்ளிப் பூசுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். (மருந்து போட்ட இரண்டு நாளைக்குள் சீவுவதாக இருந்தால் மட்டும் வெறும் தண்ணீர்.) கண்டிஷனர் இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெயும் பரவாயில்லை, வழுக்கினால் போதும், வழுக்கலில் பேனால் ஓட முடியாது. முதலில் அகலப்பல் சீப்பால் சிக்கெடுங்கள். பிறகு முடியை நான்கு பாகமாகப் பிரித்துக் கிளிப் போட்டு, ஒவ்வொரு பாகத்திலும் மெல்லிய கற்றையாக எடுத்து, பேன் சீப்பைத் தலைத்தோலில் படும்படி வைத்து நுனி வரை ஒரே இழுப்பாக இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். இடுப்பு வரை முடி என்றால் அரை மணி நேரமாவது ஆகும், மகள் கையில் செல்போனைக் கொடுத்துவிடுங்கள், அதைப் பார்க்க அவளுக்கு அனுமதி உள்ள ஒரே அரை மணி நேரமாக அது இருக்கட்டும். சீப்பு உலோகப்பல்லாக, நீளப்பல்லாக, பல்லுக்குப் பல் இடைவெளி கண்ணுக்குத் தெரியாத அளவு நெருக்கமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் சீப்பில் இரண்டு முறை இழுத்தால் பல் விரிந்துவிடுகிறது, அந்த இடுக்கில் ஈர் சுகமாகத் தப்பிக்கும்.

இப்படிச் செவ்வாய், வெள்ளி, செவ்வாய், வெள்ளி என்று மூன்று வாரம். அதன் பிறகு தொடர்ந்து இரண்டு முறை சீவியும் உயிருள்ள பேன் ஒன்றுகூட வரவில்லை என்றால் முடிந்தது. முதல் நாளிலேயே வீட்டில் எல்லோர் தலையையும் இதேபோல் சீவிப் பாருங்கள், உங்கள் தலை உட்பட. பள்ளிக்கூடத்தின் மேல் பழியைப் போடும் முன், மகள் இரவில் யார் பக்கத்தில் படுக்கிறாள் என்று யோசியுங்கள்.

சீத்தாப்பழ விதையை அரைத்துப் போட்டால் ஒரே நாளில் போய்விடும் என்று மாமியார் சொல்கிறார். பக்கத்து வீட்டில் மண்ணெண்ணெய் என்கிறார்கள். எதைப் போடலாம்?
– வாசகி, மணப்பாறை

இரண்டும் வேண்டாம்.

சீத்தாப்பழ விதையில் பூச்சியைக் கொல்லும் பொருள் இருப்பது உண்மை, உங்கள் மாமியார் கற்பனையாகச் சொல்லவில்லை. ஆனால் அதே பொருள் கண்ணில் பட்டால் கருவிழியின் மேல்தோலை உரித்துவிடும். இதைத் தலையில் தேய்த்துவிட்டு, குளிக்கும்போது வழிந்து கண்ணில் பட்டு, ராத்திரி முழுக்கக் கண்ணைத் திறக்க முடியாமல் கண் மருத்துவமனைக்கு ஓடுகிறவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள், கண் மருத்துவர்கள் இதை ஆய்விதழ்களிலேயே எழுதியிருக்கிறார்கள். எனக்கே பத்து வயதில் நடந்தது, பாட்டி பாசத்தோடுதான் அரைத்தாள், இரண்டு நாள் இருட்டு அறையில் ஈரத்துணியோடு கிடந்தேன். பேன் போனதா என்று கேட்காதீர்கள், போகவில்லை. தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல், குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் ஊற்ற வேண்டாம்.

மண்ணெண்ணெய் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தலையில் ஊற்றிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். போகாவிட்டாலும் தோல் வெந்துவிடும்.

இதைவிட மோசமானது வயலுக்கு அடிக்கிற மருந்தையும் கரப்பானுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயையும் தலையில் போடுவது. வயல் மருந்துகளில் பல தலைத்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடும், சொறிந்த புண் இருந்தால் இன்னும் வேகமாக. வாயில் எச்சில் ஒழுகுவது, வியர்வை, வாந்தி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, மூச்சுத்திணறல் என்று வந்தால் 108-ஐ அழையுங்கள், அந்த மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிச் சிறு குழந்தைக்குத் தேய்க்காதீர்கள், கற்பூரம் உடலுக்குள் போனால் வலிப்பு வரும். வேப்பெண்ணெய் தலையில் இருக்கிற வரை பெரிய ஆபத்தில்லை, ஆனால் கைக்குழந்தையின் வாயில் போகக் கூடாது.

பேனா பொடுகா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு 26 வயது, அடுத்த மாதம் கல்யாணம், அம்மா ‘ஈர் ஈர்’ என்று புலம்புகிறார்.
– வாசகர், கும்பகோணம்

தம்பி, ஊதிப் பாருங்கள். பறந்தால் பொடுகு. விரலால் தள்ளினால் நகராமல் முடியின் ஒரு பக்கமாகக் கெட்டியாக ஒட்டியிருந்தால் ஈர்.

ஈராகவே இருந்தாலும் அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தலைத்தோலிலிருந்து அரை சென்டிமீட்டருக்குள், பழுப்பு நிறமாக இருந்தால் உயிருள்ளது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வெள்ளை வெளேரென்று இருந்தால் பொரித்துப் போன வெறும் கூடு. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது, ஆக அந்தக் கூடு ஒரு மாதத்துக்கு முந்தைய கதை. நம் கண்ணில் பளிச்சென்று படுவது இந்த வெறும் கூடுதான், அதைப் பார்த்துத்தான் திரும்பத் திரும்ப மருந்து வாங்கி ஊற்றுகிறார்கள். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்று சும்மாவா சொன்னார்கள்! சீப்பில் உயிருள்ள பேன் வந்தால் மட்டும் மருந்து. அம்மாவை வெளிச்சத்தில் வைத்து ஒருமுறை சீவிப் பார்க்கச் சொல்லுங்கள், கல்யாண மாப்பிள்ளைக்கு இதெல்லாம் கூச்சமில்லை.

நாங்கள் விடுதியில் ஒரே அறையில் எட்டுப் பேர். ஒருத்திக்கு இருந்தது, இப்போது ஐந்து பேருக்கு. மருந்து போட்டும் சாகவில்லை. மாத்திரை இருக்கிறதாமே?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

இருக்கிறது, ஐவர்மெக்டின். உடல் எடைக்கு ஏற்ற அளவில் ஒருமுறை, ஏழு முதல் பத்து நாள் கழித்து இன்னொரு முறை. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை. இதை மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கி எட்டுப் பேரும் பங்கு போட்டுச் சாப்பிடாதீர்கள், டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். ஐந்து பேரும் ஒரே ராத்திரியில் மருந்து போட்டீர்களா? திங்கள் ஒருத்தி, புதன் ஒருத்தி, பரீட்சை முடிந்து ஒருத்தி என்று போட்டால் பேன் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குக் குடிபோய்க்கொண்டே இருக்கும். எட்டுப் பேரும் ஒரே நாளில் சீவிப் பாருங்கள், உயிருள்ள பேன் இருக்கிறவர்களும் அவர்களோடு ஒரே படுக்கையில் படுக்கிறவர்களும் ஒன்றாகப் போடுங்கள், ஒன்பது நாள் கழித்துத் திரும்ப ஒன்றாகப் போடுங்கள். அப்படிச் சரியாகச் செய்தும் மறுநாள் பேன் சுறுசுறுப்பாக ஓடுகிறது என்றால் மருந்துக்குப் பழகிப்போன பேன் என்று அர்த்தம், பெர்மெத்ரினுக்கு உலகம் முழுக்கவே இப்படிப் பழகிப்போன பேன்கள் உண்டு. அப்போது அதே மருந்தை அளவு கூட்டிப் போடுவதில் பிரயோஜனம் இல்லை. டைமெத்திகோன் என்கிற சிலிக்கோன் எண்ணெய் லோஷனைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அது நரம்பைத் தாக்குவதில்லை, பேனின் உடலை மூடி அடைத்துக் கொல்கிறது, அதனால் பழகிப்போகிற பேச்சு அவ்வளவாக இல்லை. சீப்புக்கும் பேன் பழகிக்கொள்ளாது.

தலையணை, மெத்தை, சோபா எல்லாவற்றையும் மாடியில் வெயிலில் போட்டுவிட்டேன். நாய்க்கும் மருந்து போட வேண்டுமா?
– வாசகி, தாம்பரம்

நாய் பாவம், விட்டுவிடுங்கள். மனிதத் தலைப் பேன் நாயிடம் வாழாது. அதற்கு இறக்கை இல்லை, தத்துவதும் இல்லை, நகரத்தான் தெரியும், நிமிடத்துக்கு ஒரு சாண் வரை நகரும். தலையும் தலையும் ஒட்டினால்தான் பெரும்பாலும் ஏறும்: ஒரே பாயில் படுக்கிற பிள்ளைகள், தலையை முட்டிக்கொண்டு செல்போனில் படம் எடுக்கிற பிள்ளைகள். ரத்தம் கிடைக்காமல் தலையை விட்டு விழுந்த பேன் ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகும். ஆகவே கடைசி இரண்டு நாள் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, ரிப்பன் இவற்றை வெந்நீரில் துவைத்தால் போதும், சீப்புகளைக் கை பொறுக்காத சூட்டு நீரில் பத்து நிமிடம் போடுங்கள். சோபாவைக் கீழே இறக்கிவிடலாம்.

இரண்டாம் வகுப்பு படிக்கும் என் பெண்ணை எல்லார் முன்னாலும் எழுப்பி நிற்கவைத்து ‘சுத்தமில்லை, மொட்டை அடித்துக் கூட்டி வா’ என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். குழந்தை மூன்று நாளாகப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறாள். மொட்டை அடித்துவிடவா?
– வாசகி, பெயரும் ஊரும் வேண்டாம்

வேண்டாம். பழனிக்கோ திருப்பதிக்கோ நேர்ந்துகொண்டு மொட்டை போடுவது வேறு, வகுப்பில் அவமானப்பட்டதற்காக மொட்டை போடுவது வேறு. முடி போனால் பேன் போகும்தான், ஆனால் அந்தக் குழந்தைக்கு அது தண்டனையாகத்தான் தெரியும்.

சுத்தத்துக்கும் பேனுக்கும் சம்பந்தம் இல்லை. பேனுக்கு வேண்டியது ரத்தம், அழுக்கு அல்ல, தினமும் ஷாம்பூ போடுகிற தலையிலும் அதே ரத்தம்தான். தண்ணீரில் மூழ்கினாலும் மூச்சை அடைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கிடக்கும், குளியலில் சாகாது. அமெரிக்காவில் 3 முதல் 11 வயதுக் குழந்தைகளிடம் மட்டும் ஆண்டுக்கு 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 20 லட்சம் பேருக்குத் தொற்றுகிறது என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே மதிப்பிடுகிறது. பேனுக்காகக் குழந்தையை வகுப்பைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது என்று அங்குள்ள குழந்தை மருத்துவர்கள் சங்கம் தெளிவாகச் சொல்கிறது. தலைப் பேன் எந்தப் பெரிய நோயையும் பரப்புவதில்லை. முதல்முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம் என்பதையும் டீச்சருக்குச் சொல்லுங்கள், கண்டுபிடித்த அன்றைக்கு விரட்டுவதில் என்ன லாபம், அதற்கு முன்பே ஒரு மாதம் அதே பெஞ்சில்தானே உட்கார்ந்திருக்கிறாள்! இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போய்க் காட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

குழந்தையிடம் வேண்டுமானால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். இஸ்ரேலில் லாக்கீஷ் என்ற பழைய நகரத்தைத் தோண்டியபோது யானைத் தந்தத்தில் செய்த குட்டிச் சீப்பு ஒன்று கிடைத்தது, நம் பேன் சீப்பு மாதிரியே இரண்டு பக்கமும் பல், ஏறக்குறைய 3,700 வருடப் பழசு. அதில் மிகப் பழைய எழுத்தில் ஏதோ கீறியிருந்ததை 2022-இல் படித்து வெளியிட்டார்கள். தலைமுடியிலும் தாடியிலும் இருக்கிற பேனை இந்தத் தந்தம் களையட்டும் என்று எழுதியிருந்ததாம். யானைத் தந்தத்தில் சீப்பு வைத்திருந்தவர் ஏழையாகவோ அழுக்காகவோ இருந்திருக்க மாட்டார். அந்தச் சீப்புப் பல்லில் பேன் குஞ்சின் மிச்சமும் ஒட்டியிருந்தது.

எனக்கு ஆறாம் மாதம். மூத்தவளிடமிருந்து ஒட்டிக்கொண்டது.
– வாசகி, நாகர்கோவில்

உங்களுக்குச் சீப்புதான் முதல் மருந்து, மேலே விருதுநகர் வாசகிக்கு எழுதியபடி மூன்று வாரம், உட்கார வசதியாக நாற்காலி போட்டுக்கொண்டு வேறு யாராவது சீவிவிடட்டும். அதில் சரியாகவில்லை என்றால் உங்கள் டாக்டரைக் கேட்டு லோஷன். சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்திருந்தாலோ, பிடரியில், காதுக்குப் பின்னால் நெறி கட்டியிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே போய்க் காட்டுங்கள். இரண்டு மாதம் ஆகாத கைக்குழந்தைக்குப் பெர்மெத்ரின் கிடையாது, அதையும் இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிரசவத்துக்குள் மூத்தவளின் தலையை முடித்துவிட்டால் அந்தக் கவலையே வராது.

எனக்கு முன்வழுக்கை, பின்னால் மட்டும் கொஞ்சம் முடி. எனக்கும் வருமா?
– வாசகர், சேலம்

அந்தக் கொஞ்சத்தில்தான் வரும். பிடரிதான் பேனுக்குப் பிடித்த இடம். உங்களுக்குச் சீவ இரண்டு நிமிடம் போதும், வீட்டில் மற்றவர்களுக்குச் சீவும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.